வெள்ளைச் சட்டையில் துருக்கறை, யோசனை சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். கணவரின் வெள்ளைக் காட்டன் சட்டையில், தோள்பட்டையை ஒட்டித் துருக்கறை. ஈரச் சட்டையை இரும்புக் கம்பிக் கொடியில் காயப்போட்டால் இப்படித்தான். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு காவிக் கோடு. ஓரம் மங்கல், நடுவில் நல்ல அடர்த்தி. சோப்புப் போட்டுத் தேய்த்ததில் துணிதான் நைந்தது, கறை அசையவே இல்லை.

பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லி யாரும் வர வேண்டாம், ப்ளீஸ். குளோரின் பட்டால் துருக்கறை இன்னும் மோசமாகும். அதைக் கரைக்க அமிலம்தான் வேண்டும் என்பது வரை தெரியும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்தேன். ஓரம் வெளுத்தது, நடுப்பகுதி அப்படியே.

இனி ஆக்ஸாலிக் அமிலம்தான் வழி என்கிறார்கள். அது விஷம், கையுறை போடணும், பிளீச்சோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும், அதெல்லாம் சரி. என் கவலை வேறு. காலரின் உள்பக்கம் நீலப் பட்டி வைத்துத் தைத்திருக்கிறது. அதில் பட்டால் சாயம் போகுமா? ஒரு லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு, எத்தனை நிமிஷம் ஊற வைக்கலாம்? இல்லை, சிட்ரிக் அமிலமே போதுமா?

இன்னொன்று. மகளின் யூனிஃபார்ம் சட்டைப் பையில் பால்பாயின்ட் மை. அடியில் பழைய துணி வைத்து, ஸ்பிரிட் தொட்டு ஒற்றினால் மை கீழே இறங்கும், தேய்த்தால்தான் பரவும். பருத்தியில் இது எனக்குப் பலித்திருக்கிறது. ஆனால் இது பாலியஸ்டர் கலந்தது, போதாக்குறைக்கு இஸ்திரியும் பட்டுவிட்டது. சூட்டில் இறுகிய மை இனி வருமா?

செய்து பார்த்தவர்கள் மட்டும் சொல்லுங்கள். கேள்விப்பட்டது என்னிடமே நிறைய இருக்கிறது.