பழைய சினிமா போஸ்டர்: வாங்கியதும் விற்கப் போனதும்

தொடங்கியவர், சென்னை

அக்கா மகன் கையில் இரண்டு லட்ச ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறான். "மாமா, பழைய சினிமா போஸ்டருக்கு நல்ல விலையாமே, வாங்கிப் போட்டு வைக்கட்டுமா?" என்று கேட்டான். அவனிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். வாங்கியவர்கள், விற்றவர்கள், ஏமாந்தவர்கள் யாராக இருந்தாலும் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். அவனும் படிப்பான்.

2004-ல் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையின் பின்கட்டில் சணல் கயிறு கட்டிய ஒரு கட்டைப் பார்த்தேன். பட விநியோக அலுவலகம் ஒன்றை மூடியபோது வந்த சரக்கு என்றார் கடைக்காரர். மொத்தம் 38 போஸ்டர்கள். 4,500 ரூபாய்க்கு முடித்தோம். அன்று அது ஏறக்குறைய ஒரு பவுன் தங்கத்தின் விலை.

வீட்டுக்கு வந்து கூடத்தில் பாய் விரித்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பெரும்பாலானவை 30-க்கு 40 அங்குலம், எட்டாக மடித்தவை. மடிப்புகள் சந்திக்கும் முனைகளில் காகிதம் விட்டுப்போய் மிளகளவு ஓட்டைகள். போஸ்டர்களில் ஒன்று கல்லச்சில், அதாவது கல்லில் வரைந்து அச்சிடும் பழைய முறையில் அடித்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கதாநாயகியின் கன்னத்துச் சிவப்பு மணல் தூவியதுபோல ஒழுங்கில்லாமல் படர்ந்திருக்கும். ஆஃப்செட்டில் அடித்ததாக இருந்தால் வரிசை பிடித்த புள்ளிகள் தெரியும். அன்று இரவு வெகுநேரம் அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் கணக்குத் தெரிந்தது. 38-ல் 21 போஸ்டர்கள் மறுவெளியீட்டுக்கு அடித்தவை. நம் ஊரில் எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் திரும்பத் திரும்பத் திரைக்கு வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு முறையும் புதிதாகப் போஸ்டர் அடித்தார்கள். நம் போஸ்டர்களில் பெரும்பாலும் ஆண்டு அச்சிடுவதில்லை. கீழ் ஓரத்து அச்சகப் பெயர், காகிதம், அச்சு முறை ஆகியவற்றைக் கொண்டுதான் முதல் வெளியீடா என்று சொல்ல முடியும். பெரிய விலை கொடுப்பவர்கள் முதலில் தேடுவது முதல் வெளியீட்டைத்தான். மிச்சம் 17-ல் ஒன்பது ஒரே படத்தின் ஒரே போஸ்டர்.

இருந்த நல்லவற்றில் ஒன்றை நானே கெடுத்தேன். பூச்சி அரிக்காமல் இருக்கட்டும் என்று ஒரு கடையில் கொடுத்து லேமினேஷன் செய்தேன். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக் காகிதம் கிழியாமல் பிரிப்பது மிகக் கடினம். இதைப் படிக்கும் ஒருவராவது அதைச் செய்யாமல் இருந்தால் போதும்.

2016 ஆகஸ்டில் தேறியவற்றை எடுத்துக்கொண்டு மும்பை சோர் பஜாருக்குப் போனேன். மட்டன் தெருவில் பழைய போஸ்டர் வியாபாரம் இன்றும் நடக்கிறது. அங்கே ஒரு வியாபாரி நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தார். இந்திப் படம் என்றால் டெல்லியிலும் கேட்பார்கள், லண்டனிலும் கேட்பார்கள். தமிழுக்குத் தன்னிடம் இரண்டே பேர்தான் என்றார். நான்குக்கும் 19,000 ரூபாய் கொடுத்தார். ரயில், தங்கும் செலவு போகக் கையில் நின்றது 14,000 சொச்சம். அன்று ஒரு பவுன் 20,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. தங்கத்தை எங்கள் தெருமுனைக் கடையிலேயே விற்றிருப்பேன். போஸ்டருக்கு ஆள் தேடி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருந்தது.

உறுப்பினர், பட்டுக்கோட்டை

ஐயா, எங்கள் தாத்தா டூரிங் டாக்கீஸ் நடத்தியவர். மாட்டு வண்டியின் இருபுறமும் தட்டி கட்டி, போஸ்டர் ஒட்டி, தப்படித்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். அடுத்த படம் வந்தால் அதன் மேலேயே பசை தடவி அடுத்த போஸ்டர். ஒட்டாமல் மிஞ்சியது எடைக்குப் போகும். பழைய போஸ்டர் அரிதாகிப்போனது இப்படித்தான்.

எங்கள் வீட்டில் தப்பியது ஒன்றே ஒன்று. அப்பாயி அதை அலமாரித் தட்டில், படம் கீழே இருக்கும்படி கவிழ்த்து விரித்து, மேலே பித்தளைப் பாத்திரங்களை அடுக்கியிருந்தார். வெயில் படாததால் நிறம் அப்படியே நிற்கிறது. முதலில் வந்தவர் 2,000 என்றார், ஆறு மாதம் கழித்து வந்தவர் 15,000 என்றார். பொருள் ஒன்றுதான். இருவரில் யார் சொன்னது விலை என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கொடுக்கவில்லை.

உறுப்பினர், நியூ ஜெர்சி

இங்கே சந்தை பெரியது, ஏலம் ஒழுங்காக நடக்கிறது, பழைய ஏல விலைகளை யாரும் பார்க்கலாம். அதனால் மட்டும் லாபம் வந்துவிடாது.

1927-ல் வந்த 'மெட்ரோபோலிஸ்' படத்தின் போஸ்டர் ஒன்று 2005-ல் 6,90,000 டாலருக்குக் கைமாறியது. 1931-ன் 'டிராகுலா' போஸ்டர் 2017-ல் 5,25,800 டாலருக்குப் போனது. செய்தியில் வருவது இவைதான். அந்த மெட்ரோபோலிஸை வாங்கியவர் பின்னால் திவாலானார். 2012-ல் வேறு சில அரிய பொருள்களோடு சேர்த்து அதை நீதிமன்றத்தில் 12 லட்சம் டாலருக்கு ஏலம் விட்டார்கள். போஸ்டரின் மதிப்பு உயர்ந்தும் அவரைக் காப்பாற்றவில்லை.

என் கணக்கு சிறியது. அறுபதுகளின் போஸ்டர் ஒன்றை 900 டாலருக்கு வாங்கி எட்டு வருடம் வைத்திருந்தேன். ஏலத்தில் 1,100 டாலருக்குப் போனது. அதில் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டும் கூடுதல் தொகையும் அடக்கம். அதையும், விற்பவன் என்று என்னிடம் பிடித்த கழிவையும் எடுத்த பிறகு எனக்கு வந்தது 830. லாபம் வந்திருந்தாலும், சேகரிப்புப் பொருள்களின் நீண்டகால லாபத்துக்கு இங்கே 28 சதவீதம் வரை வரி. பங்குகளுக்கு அதைவிடக் குறைவு.

போலியும் உண்டு. 2009-ல், முப்பதுகளின் திகில் பட போஸ்டர்கள் பல போலி என்று வெளிவந்தபோது ஏமாந்தவர்களில் பல வருடம் பழகிய சேகரிப்பாளர்களும் இருந்தார்கள்.

உறுப்பினர், கோவை

போலியைப் பற்றி ஒன்று. எழுபதுகளின் இந்திப் படப் போஸ்டர் என்று 6,000 கொடுத்து வாங்கினேன். பழுப்பு நிறம், மடிப்பு, ஓரக் கிழிசல் எல்லாம் இருந்தன. வீட்டில் கிழிசலை விரித்துப் பார்த்தேன். மேலும் கீழும் பழுப்பு, நடுவில் காகிதம் பால்போல வெள்ளை. காலத்தால் பழுத்த காகிதம் உள்ளேயும் பழுத்திருக்கும். இது மேலாகத் தேநீர் பூசி எடுத்தது. விற்றவரிடம் போனால் கடை பூட்டியிருந்தது.

தொடங்கியவர், சென்னை

எழுதிய எல்லோருக்கும் நன்றி. பட்டுக்கோட்டை நண்பருக்கு: பாத்திரத்தின் கனம் மட்டும் வேண்டாம் தம்பி, அமிலமில்லாத தாளுக்கு நடுவில் தட்டையாக வையுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

என்னிடம் மிஞ்சியவற்றைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அந்த நூலகத்துக்கு மூலமான சேகரிப்பு காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையாவுடையது. என் கட்டும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதானே.

அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். இரண்டு லட்சத்தை வங்கியில் போட்டுவிட்டானாம். அந்தக் கல்லச்சுப் போஸ்டரைக் காட்டினேன், பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். நூலகத்துக்கு இதை மட்டும் கொடுக்காதீர்கள், நான் வைத்துக்கொள்கிறேன் என்கிறான். அவன் வீட்டில் வெயில் விழாத சுவர் எது என்று கேட்டிருக்கிறேன்.