குரோனன்பெர்க் படங்களில் அறுபடுவது யாருடைய உடல்?

குன்னூர் செவிலி எழுதியது:
சனிக்கிழமை குன்னூரில் நம் திரைக்குழு கனடா இயக்குநர் டேவிட் குரோனன்பெர்க்கின் ‘தி ஃப்ளை’ (1986) படத்தைத் திரையிட்டபோது பாதிப் பேர் நடுவிலேயே எழுந்து போய்விட்டார்கள். “குமட்டுகிறது, இதில் என்ன கலை?” என்று ஒருவர் கேட்டார். அவருக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

ஈயோடு கலந்துபோன விஞ்ஞானி, தன் உடலிலிருந்து கழன்று விழுந்தவற்றைக் குளியலறை மருந்து அலமாரியில் சேர்த்து வைக்கிறான். எங்கள் வார்டில் ஒரு அம்மா, சிகிச்சையில் உதிர்ந்த முடியைச் சுருட்டிக் காகிதத்தில் மடித்துத் தலையணைக்கடியில் வைத்திருந்தார். குப்பையில் போட எடுத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “இருக்கட்டும்மா, என்னுடையதுதானே” என்றார். அந்த அலமாரியைத் திரையில் பார்த்தபோது எனக்கு அவர் முகம்தான் தெரிந்தது. முதுமையையும் நோயையும் மனத்தில் வைத்தே படத்தை எடுத்ததாக இயக்குநரே சொல்லியிருக்கிறார். கைவிட்டுப் போகும் உடல்மீது இத்தனை பரிவு காட்டியவர்கள் குறைவு.

கோத்தகிரி மலர் எழுதியது:
அக்கா, அந்தப் பரிவு ஆணுக்கு மட்டும்தான் கிடைக்கிறது. ‘ரேபிட்’ (1977) நாயகிக்குச் சிகிச்சைக்குப் பிறகு அக்குளில் கொடுக்கு முளைக்கிறது. அவள் கேட்டு வந்ததல்ல. கடைசியில் அவள் பிணம் குப்பை வண்டியில் போகிறது. ‘தி ப்ரூட்’ (1979) படத்தில் ஒரு தாயின் கோபமே உடலுக்கு வெளியே கருப்பையாகத் தொங்கிப் பிள்ளைகளைப் பெறுகிறது. கணவன் அவள் கழுத்தை நெரிக்கிறான். இயக்குநர் தன் முதல் மணமுறிவும் மகளுக்கான இழுபறியும் தந்த கசப்பில் எழுதிய கதை அது. நீங்கள் புகழும் ‘தி ஃப்ளை’யிலும் நாயகி புழுவைப் பெற்றெடுப்பதாகக் கனவு காண்கிறாள். அந்தக் கனவில் பிரசவம் பார்க்கும் மருத்துவர் வேடத்தில் வருபவர் குரோனன்பெர்க்தான்! இதை எப்படிக் கடந்து போவது?

இந்து நகர் பெரியவர் எழுதியது:
ஊட்டி இந்து நகர் பிலிம் தொழிற்சாலையில் எக்ஸ்ரே பிலிம் பிரிவில் இருந்தவன் நான். இருட்டறையில் கை பழகிய அந்தத் தாளில் யாருடைய நுரையீரல் விழப்போகிறதோ என்று நினைத்துக்கொள்வேன். உள்ளே இருப்பதைப் பார்க்கும் ஆசைதான் குரோனன்பெர்க்கின் எல்லாப் படங்களுக்கும் வேர். ‘டெட் ரிங்கர்ஸ்’ (1988) படத்தில் உடலின் உட்புறத்துக்கு அழகுப் போட்டி வேண்டும் என்று ஒரு பேச்சு வரும். 34 ஆண்டுகள் கழித்து ‘கிரைம்ஸ் ஆஃப் தி ஃபியூச்சர்’ (2022) படத்தில் அதே போட்டி கதைக்குள்ளேயே வந்துவிடுகிறது.

கோத்தகிரி மலர் எழுதியது:
ஐயா, ‘டெட் ரிங்கர்ஸ்’ நாயகர்கள் மகப்பேறு மருத்துவர்களான இரட்டையர். மேசையில் கிடப்பவள் பெண், கருவி ஆண் கையில். உங்கள் எக்ஸ்ரே மேசையில் ஆணும் படுத்தான், பெண்ணும் படுத்தாள். இவர் மேசை அப்படி இல்லையே.

குன்னூர் செவிலி எழுதியது:
‘தி ப்ரூட்’ பற்றி நீ சொன்னதை ஏற்கிறேன் மலர். அந்த முடிவு எனக்கும் பொறுக்கவில்லை. ஆனால் பெரியவர் சொன்ன 2022 படத்தை மறுபடி பார். புதுப்புது உறுப்புகள் முளைப்பது ஆணுக்கு. அவனைப் பார்வையாளர் முன் அறுத்து எடுப்பவள், முன்பு அறுவை மருத்துவராக இருந்த பெண். இடம் மாறியிருக்கிறது. மனைவியை 2017இல் இழந்த பிறகு எடுத்த ‘தி ஷ்ரௌட்ஸ்’ படத்தில், புதைத்த மனைவியின் உடல் சிதைவதைக் கணவன் திரையில் பார்த்தபடி இருக்கிறான். மார்ச்சுவரி வாசலை விட்டு நகராத கணவர்களை எனக்குத் தெரியும்.

கோத்தகிரி மலர் எழுதியது:
அங்கேயும் பார்ப்பவன் அவன், பார்க்கப்படுபவள் அவள். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், அக்கா.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த 2022 படம் பிளாஸ்டிக் கூடையைக் கடித்துத் தின்னும் சிறுவனோடு தொடங்குகிறது. இன்று காலை எங்கள் தேயிலைச் சரிவில் ஒரு காட்டெருமை, சிப்ஸ் உறையை வாயோரம் தொங்கவிட்டுக்கொண்டு அசைபோட்டபடி நின்றது. பஸ் வரும்வரை அதை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அடுத்த மாதம் ‘தி ப்ரூட்’ போடுங்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை பார்க்கிறேன், பிறகு பேசுவோம்.