குடும்பக் குழு: ஆல்பம் சர்வருக்கு ஃபயர்வால்

தம்பி: அக்கா, நம் போட்டோ ஆல்பத்துக்கு எடுத்த வாடகை சர்வரில் உபுண்டு போட்டாச்சு. ஃபயர்வால் கருவியான யூஎஃப்டபிள்யூவை ஆன் செய்ய, யூஎஃப்டபிள்யூ எனேபிள் என்று அடித்தால் போதும்தானே?

அக்கா: இரு, இரு! எஸ்எஸ்எச்சுக்கு, அதாவது நீ தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் இணைப்புக்கு, வழி விட்டாயா?

தம்பி: இல்லையே.

அக்கா: ஆன் ஆனதும் உள்ளே வருவதையெல்லாம் மறுக்கும், வெளியே போவதை மட்டும் விடும். இப்போதைய இணைப்பு அறுந்தால் நீ வெளியே நிற்பாய். முதலில் 'சூடோ யூஎஃப்டபிள்யூ அலோ எஸ்எஸ்எச்', அப்புறம் எனேபிள். எஸ்எஸ்எச்சின் வழக்கமான போர்ட் 22-ஐ மாற்றி வைத்திருந்தால் அந்த எண்ணையே கொடு.

தம்பி: அலோவுக்குப் பதில் லிமிட் போடலாமா?

அக்கா: போடலாம். ஒரே ஐபி 30 நொடிக்குள் 6 முறை வந்தால் மறுத்துவிடும். ஆனால் நீ ஸ்கிரிப்ட் வைத்து ஓயாமல் ஃபைல் அனுப்புகிற ஆள், நீயே மாட்டுவாய் 😄

தம்பி: சரி, அலோவே இருக்கட்டும். எஸ்எஸ்எச்சுக்கு 22, வெப்புக்கு 80, 443 மூன்றும் திறந்தாயிற்று. எனேபிள் கொடுத்துவிட்டேன். புது டெர்மினலிலிருந்தும் நுழைய முடிகிறது 👍

சித்தப்பா: டேட்டாபேஸ் என்ன ஆயிற்றுடா?

தம்பி: அது டாக்கரில், தனிப் பெட்டி போன்ற கண்டெய்னருக்குள் ஓடுகிறது சித்தப்பா. அதன் போர்ட் 5432-ஐ நான் திறக்கவே இல்லை. ஸ்டேட்டஸிலும் இல்லை.

சித்தப்பா: என் லேப்டாப்பிலிருந்து பார்த்தேன். திறந்துதான் இருக்கிறது.

தம்பி: எப்படி??

அக்கா: டாக்கர் வேலை. போர்ட்டைப் பப்ளிஷ் செய்தால் அது தானாகவே லினக்ஸின் பாக்கெட் விதிப் பட்டியலான ஐபிடேபிள்ஸில் விதி எழுதிக்கொள்ளும். வருகிற பாக்கெட் முகவரி மாற்றும் நாட் டேபிளிலேயே திசை மாறி, வேறிடத்துக்குக் கடத்தும் ஃபார்வர்டு செயின் வழியாகக் கண்டெய்னருக்குப் போய்விடும். யூஎஃப்டபிள்யூவில் நீ போட்ட விதிகள் சர்வருக்கே வரும் பாக்கெட்டைப் பார்க்கும் இன்புட் செயினில் இருக்கின்றன. பாக்கெட் அந்தப் பக்கமே வருவதில்லை.

தம்பி: அப்படியானால் 5432-க்கு டினை என்ற மறுப்பு விதி போடட்டுமா?

அக்கா: அதுவும் இன்புட்டில்தான் போய் உட்காரும். டாக்கர் அமைப்பை எழுதிவைத்த கம்போஸ் ஃபைலைத் திற. போர்ட்ஸில் 5432:5432 என்று இருக்கும். ஆல்பமும் டேட்டாபேஸும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் இருந்தால் அந்த வரியே தேவையில்லை, தூக்கிவிடு. சர்வருக்குள்ளிருந்து பார்க்க வேண்டுமானால் மட்டும் வரியை வைத்து, முன்னால் சர்வரின் உள் முகவரியான 127.0.0.1: சேர்.

தம்பி: வரியை எடுத்துவிட்டு மறுபடி கம்போஸ் அப் கொடுத்தேன். பாருங்கள் சித்தப்பா.

சித்தப்பா: 443 உடனே திறக்கிறது. 5432 நெடுநேரம் காத்திருந்து டைம்அவுட் ஆகிறது.

அக்கா: சரியாகிவிட்டது. இப்போது அது யூஎஃப்டபிள்யூவின் இயல்பான டினையில் படுகிறது. டினை பதிலே சொல்லாது, பாக்கெட்டை அப்படியே போட்டுவிடும். ரிஜெக்ட் என்றால்தான் 'இல்லை' என்று சொல்லி அனுப்பும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் மாற்றிவிடு, இவ்வளவு நேரம் திறந்து கிடந்ததல்லவா.

தம்பி: மாற்றுகிறேன். புது வகை ஐபி முகவரியான ஐபிவி6-க்குத் தனியாக விதி போட வேண்டுமா?

அக்கா: ஸ்டேட்டஸில் வி6 என்று வரிகள் வந்தால் வேண்டாம், சேர்ந்தே வேலை செய்யும்.

தம்பி: வந்திருக்கிறது 👍