செம்பருத்தி மகரந்தம்: எஃப்/22 வைத்தும் படம் மங்கல், லென்ஸில் கோளாறா?

கேள்வி: ஒரு வாரமாகச் செம்பருத்தியின் மகரந்தத்தை மேக்ரோவில் (மிக அருகிலிருந்து பெரிதாக) எடுக்க முயல்கிறேன். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், ஃபுல் ஃபிரேம் கேமரா, 1:1 உருப்பெருக்கம் (சென்சாரில் பிம்பம் பொருளின் அசல் அளவிலேயே விழும்), டிரைபாட், ஷட்டர் 1/60 நொடி. லென்ஸின் துளையை எஃப்/4 என்று அகலமாக வைத்தால் ஒரே ஒரு மகரந்தப்பை தெளிகிறது, பின்னால் உள்ளவை கரைந்துவிடுகின்றன. தெளிவாகத் தெரியும் ஆழம் கூடட்டும் என்று துளையைச் சிறிதாக்கி எஃப்/22 வைத்தேன். இப்போது எதுவுமே கூர்மையாக இல்லை. அந்தத் தூள் ஒவ்வொன்றும் முள் உருண்டையாக இருக்குமாம். அதைப் பார்க்காமல் விட மனமில்லை.

பதில் 1: லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. 1:1-இல் துளை எண் ஏறக்குறைய இரு மடங்காகச் செயல்படும். நீங்கள் எஃப்/22 வைத்தால் கிடைப்பது எஃப்/44. அவ்வளவு சிறிய துளையில் ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதே நுணுக்கங்களை அழித்துவிடும். எஃப்/8-க்கு வாருங்கள். தெளிவான ஆழம் சுமார் 1 மி.மீ.தான் கிடைக்கும். அதனால் கேமராவை அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக முன்னே நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுத்து, மென்பொருளில் அடுக்கிச் சேர்த்துவிடுங்கள்.

பதில் 2: காற்றை மறந்துவிட்டீர்கள். 1:1-இல் பூ அரை மில்லிமீட்டர் அசைந்தால் சென்சாரிலும் பிம்பம் அரை மில்லிமீட்டர் நகரும். 1/60 அதைப் பிடிக்காது, டிரைபாடும் பூவை நிறுத்தாது. காம்பை ஒரு குச்சியோடு கிளிப் போட்டு நிறுத்துங்கள். ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளைத் தாள் பிடித்து அடித்தால் அதன் நொடிநேர ஒளி அசைவை உறைய வைத்துவிடும். அடுக்கி எடுப்பதாக இருந்தால் பூவைப் பறித்து வீட்டுக்குள் கொண்டுபோவதே மேல். அன்றே எடுத்துவிடுங்கள், செம்பருத்தி பெரும்பாலும் ஒரே நாளில் வாடிவிடும்.

கேட்டவர்: கிடைத்துவிட்டது! வீட்டுக்குள் வைத்து எஃப்/8-இல் 14 படங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் மஞ்சள் உருண்டைகள், மேலெல்லாம் முட்கள். இத்தனை நாள் விரலில் ஒட்டிய வெறும் பொடி என்றல்லவா நினைத்திருந்தேன்! இருவருக்கும் நன்றி. இதே முறையில் அடுத்து எதை எடுக்கலாம்?

பதில் 2: தக்காளிச் செடியின் இளந்தண்டு. பக்கவாட்டிலிருந்து ஒளி விழட்டும், பின்புலம் இருண்டிருக்கட்டும். நீண்ட தூவிகளுக்கு (தண்டின் மேலுள்ள நுண்ணிய முடிகளுக்கு) நடுவே நுனியில் துளி ஏந்திய குட்டைத் தூவிகள் மின்னும். செடியைத் தொட்டால் வரும் வாசமும் கையில் படியும் கறையும் அந்தக் குட்டைத் தூவிகளின் நுனியிலுள்ள சுரப்பிகளிலிருந்து வருபவைதான். தொட்டால் உடைந்துவிடும், ஆகவே விரல் படாத தண்டாகத் தேர்ந்தெடுங்கள்.