கில்மரின் ‘மரங்கள்’: எந்த மரம் ஐயா அது?

வேப்பங்கொட்டை:
காலையிலேயே ஒரு வாட்ஸப் பதிவு கடுப்பேற்றிவிட்டது. முதல் உலகப் போரில் 1918இல் பிரான்ஸில் குண்டடிபட்டு இறந்த அமெரிக்கக் கவிஞர் ஜாய்ஸ் கில்மர், மரத்தைப் படைக்கக் கடவுளால் மட்டுமே முடியும் என்று முடிகிற அந்தக் கவிதையை ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஓக் மரத்தைப் பார்த்து எழுதினாராம். அவர் அங்கே படித்தது 1904 முதல் 1906 வரை. கவிதை பிறந்தது 1913 பிப்ரவரி 2, நியூ ஜெர்சி மாநிலத்து மாவா ஊரில், வீட்டு மாடி ஜன்னலோரம். சொன்னது அவர் மகன் கென்டன்.

எடிசன் சித்தப்பா:
கில்மர் பிறந்ததே ரட்ஜர்ஸ் இருக்கும் நியூ பிரன்ஸ்விக்கில். ஊரே ‘கில்மர் ஓக்’ என்று சொன்ன மரம் அது. ஊர் பொய் சொல்லுமா? பிப்ரவரியில் நியூ ஜெர்சி மரத்தில் ஓர் இலை இருக்காது. கவிதையிலோ மரம் இலைக் கைகளைத் தூக்கிக் கும்பிடுகிறது, தலையில் ராபின் பறவைக் கூடு வேறு. ஜன்னலில் எங்கே தெரிந்தது கூடு?

வேப்பங்கொட்டை:
அதே மரத்தின் மார்பில் பனியும் கிடக்கிறதே, சித்திரையிலா? ஜன்னலுக்குக் கீழே சரிவு முழுக்க மரங்கள். அதனால்தான் தலைப்பு பன்மை. அப்புறம், அது ரட்ஜர்ஸ் இல்லை, ரட்கர்ஸ்.

ஓரமாய் ஒருவன்:
கில்மர் ராணுவத்தில் சேர்ந்ததே 1917இல். அவர் கத்தோலிக்கரானதும் கவிதைக்குப் பிறகுதான், மகள் ரோஸுக்கு இளம்பிள்ளை வாதம் வந்த சமயம். ‘பிறந்தது’ என்றால் பக்தி பிறந்ததா, வரி பிறந்ததா?

வேப்பங்கொட்டை:
அதற்குத் தனி இழை திறங்கள் தம்பி. இங்கே பேச்சு ஜன்னல்.

மதுரை மல்லி:
பன்னிரண்டே வரி. அதற்குள் மரத்துக்கு வாய் கீழே, மார்பு மேலே, கூடு தலையில்! பள்ளியில் இதை ஒப்பிக்கத் தெரியாமல் முட்டி போட்டதுதான் எனக்கு மிச்சம்.

எடிசன் சித்தப்பா:
முட்டி போட்டவர்கள் விமர்சனம் எழுத வந்துவிட்டார்கள். வேப்பங்கொட்டை, தேம்பாவணி இழையிலும் இப்படித்தான் குதித்தீர்கள். முடிவு என்ன ஆச்சு?

வேப்பங்கொட்டை:
பதில் சொல்லாமல் ஓடியது யார் என்று அங்கேயே இருக்கிறது, போய்ப் பாருங்கள். மாடி. ஜன்னல். பிப்ரவரி 2. இன்னும் எத்தனை தடவை தட்ட வேண்டும்?

எடிசன் சித்தப்பா:
சரி, ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் ஓக்கைப் படம் எடுத்துப் போடுகிறேன்.

வேப்பங்கொட்டை:
1963இல் வெட்டிய மரத்தையா? போடுங்கள், போடுங்கள்.