உட்கார்ந்தால் வரும் கவனம் எழுந்தால் காணாமல் போகிறது – என்ன செய்யலாம்?

ஜனவரியில் திருமுடிவாக்கம் தம்ம சேது மையத்தில் 10 நாள் விபாசனா தியான முகாம் முடித்தேன். முதல் மூன்று நாள் மூச்சை மட்டும் கவனிக்கும் ஆனாபானா, நான்காம் நாளிலிருந்து உடலில் தோன்றும் உணர்வுகளைக் கவனிப்பது. வீட்டுக்கு வந்தும் காலையில் ஒரு மணி நேரம் உட்கார்கிறேன் (மாலையும் ஒரு மணி நேரம் என்றார்கள், அது நடக்கவில்லை). உட்காரும்போது பிரச்சினை இல்லை, எழுந்த பிறகுதான்.

தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு பைக்கில் போகிறேன். குரோம்பேட்டை, பல்லாவரம் எப்போது தாண்டியது என்றே தெரிவதில்லை, மீனம்பாக்கத்தில்தான் முழிக்கிறேன். நேற்று சாம்பாருக்கு இரண்டு தடவை உப்பு. சிலிண்டரை மூடினேனா என்று பாதிப் படியிலிருந்து திரும்பி ஓடுவது வாரத்தில் மூன்று நாளாவது உண்டு.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை போனில் அலாரம் வைத்துப் பார்த்தேன். நாலே நாளில் கை தானாக அதை அணைக்கப் பழகிவிட்டது, எனக்கே தெரியாமல்! சாப்பிடும்போது போன் கிடையாது என்று வைத்தது கொஞ்சம் உதவியது, முதல் நாலு வாய் வரை. 'பாத்திரம் தேய்க்கிறேன், தேய்க்கிறேன்' என்று மனதுக்குள் சொல்லியும் பார்த்தேன். சொல் ஒரு பக்கம் ஓடும், நினைப்பு ஆபீஸில் இருக்கும். தூக்கம் ஏழு மணி நேரம், சரியாகவே இருக்கிறது. தைராய்டு, பி12 இரண்டும் பார்த்தாயிற்று, நார்மல்.

வேலைக்குப் போய்க்கொண்டே இதைப் பழகியவர்கள் சொல்லுங்கள்: அன்றாட வேலைகளில் எந்த ஒன்றைப் பிடித்து, எப்படி ஆரம்பித்தீர்கள்?