மறு: ‘நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன்’ வேண்டாம், ‘நுண்ணுயிர் மருந்தெதிர்ப்பு’

அனைவருக்கும் வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் ‘antimicrobial resistance’-க்கு, அதாவது கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாமல் போவதற்கு, முன்மொழியப்பட்ட ‘நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன்’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ‘நோய் எதிர்ப்புத் திறன்’ என்று படித்துப் பழகிய கண்ணுக்கு, அது நம் உடம்பில் இருக்கும் நல்ல குணமாகவே தோன்றும். இங்கே எதிர்ப்பது கிருமி, எதிர்க்கப்படுவது மருந்து. இரண்டையும் காட்டும் ‘நுண்ணுயிர் மருந்தெதிர்ப்பு’ என் பரிந்துரை. ‘மருந்தெதிர்ப்பு’ மட்டும் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். புற்றுநோய்ச் செல்களும் மருந்தை எதிர்க்கின்றன. முதல் இடத்திலாவது முழுச்சொல் வேண்டும்.

மாற்றாகச் சொல்லப்பட்ட ‘மருந்துத் தாங்குதிறன்’ அழகான சொல்தான், ஆனால் அதை இதற்குச் செலவிட வேண்டாம். மருந்தெதிர்ப்புள்ள பாக்டீரியா, மற்றவற்றை அடக்கும் அளவு மருந்திலும் பெருகிக்கொண்டே போகும். வேறொரு வகை, அந்த அளவில் பெருகாது. ஆனால் நெடுநேரம் சாகாமல் தாக்குப்பிடிக்கும். தாங்குதிறன் அதற்குரிய பெயர்.

அடுத்து, ‘prediction’ என்பதற்கான ‘முன்கணிப்பு’க்கு வருகிறேன். இயந்திரக் கற்றல் (தரவிலிருந்து கணினி தானே கற்கும் முறை) பற்றிய கட்டுரைகளில் இச்சொல்லுக்குள் இரண்டு வேலைகள் கலந்துவிடுகின்றன. காசநோய்க் கிருமியின் ஆர்.பி.ஓ.பி. மரபணுவில் குறிப்பிட்ட மாற்றங்களைக் கண்டு, ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து பலிக்காது என்று சொல்கிறோம். அந்த எதிர்ப்பு ஏற்கெனவே கிருமியில் இருக்கிறது. வளர்த்துப் பார்த்து உறுதிசெய்ய வாரக்கணக்கில் ஆகும் என்பதால் மரபணுவிலிருந்து கணிக்கிறோம். பல மரபணுக்கள் சேர்ந்து எதிர்ப்பைத் தரும் இடங்களில் இயந்திரக் கற்றல் கைகொடுக்கிறது. இது ‘கணிப்பு’. இனிமேல் எதிர்ப்பு தோன்றுமா என்பது வேறு கேள்வி. ‘முன்கணிப்பு’ அதற்கு மட்டும் இருக்கட்டும்.

ஹாலிசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-இல் வெளியான ஆய்வில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் குழுவினர் 2,335 மூலக்கூறுகளில் எவை ஈ. கோலை என்ற பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுத்தன என்ற தரவைக் கொண்டு ஒரு கணினி மாதிரியைப் (model) பயிற்றினார்கள். முன்பு நீரிழிவுக்காக ஆராயப்பட்ட ஒரு சேர்மத்தை அது சுட்டிக்காட்டியது; அதுவே ஹாலிசின். வளர்ச்சியைத் தடுக்குமா என்பது மட்டுமே மாதிரியின் கணிப்பு. எதிர்ப்பு தோன்றுமா என்பதை, ஆய்வுக்கூடத்தில் ஈ. கோலையை 30 நாள் அந்த மருந்தோடு வளர்த்துத்தான் பார்த்தார்கள். தோன்றவில்லை; சிப்ரோஃப்ளாக்சசின் என்ற மற்றொரு நுண்ணுயிர்க்கொல்லிக்கோ மூன்று நாள்களுக்குள் தோன்றத் தொடங்கியது. ‘எதிர்ப்பு வராது என்று இயந்திரம் முன்கணித்தது’ என நாம் தமிழில் எழுதினால் அது பொய்த் தகவல். நோயாளியின் வீட்டார் படிக்கும் விஷயம் இது.

‘மருந்து எதிர்ப்பு’ என்று பிரித்து எழுதினால் மது எதிர்ப்பு, போதைப்பொருள் எதிர்ப்பு போல ஒரு போராட்டத்தின் பெயராகிவிடுகிறது. பட்டியலில் சேர்த்தே எழுதுங்கள். கணிப்பையும் முன்கணிப்பையும் தனித்தனிப் பதிவுகளாக்குங்கள்.